எழுபது மீட்டர் உயரத்தில் கிழிந்த பேன்ட்

முதலில் சத்தம்தான் கேட்டது. ஜவுளிக்கடையில் காடாத் துணியை அளந்து, ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வைத்து, இரண்டு கையாலும் இழுத்துக் கிழிப்பார்களே, அந்த 'டர்ர்'. நான் நின்றது ஜவுளிக்கடையில் அல்ல. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு காற்றாலைக் கோபுரத்தின் உள்ளே, தரையிலிருந்து ஏறத்தாழ எழுபது மீட்டர் உயரத்தில், செங்குத்தான இரும்பு ஏணியில். வலது முழங்காலை அடுத்த படிக்குத் தூக்கினேன். பேன்ட் கூட வர மறுத்துவிட்டது. ஜிப்பின் அடியிலிருந்து பின்னால் இடுப்புப் பட்டைக்கு நான்கு விரற்கடை கீழே வரைக்கும் தையல் விட்டுப்போயிற்று.

கீழ்த்தளத்தில் தன் முறைக்காகக் காத்திருந்த உதவியாளன், "அண்ணே, என்ன சத்தம்?" என்று கத்தினான்.

"ஒன்றுமில்லை தம்பி. நீ மேலே மட்டும் பார்க்காதே" என்றேன்.

அது ஏப்ரல் மாதம். மே மாதக் கடைசியில் காற்று எழும்பிவிட்டால் இயந்திரத்தை நிறுத்த முதலாளிகளுக்கு மனம் வராது. அதனால் பராமரிப்பு வேலையெல்லாம் அதற்கு முன்பே நெருக்கியடிக்கும். பேன்ட் கிழிந்தது என்று இறங்க முடியாது. இயந்திரம் இருக்கும் உச்சிக் கூட்டுக்குள் போய், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, கியர்பாக்ஸின் எண்ணெய் வடிகட்டியை மாற்றி முடித்தேன். வேலை முடிய மூன்று மணி நேரம். இறங்கியபின் அந்தத் துண்டை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

அந்தப் பேன்ட்டை வாங்கி 12 நாள்தான் ஆகியிருந்தது. 'டாக்டிக்கல்' என்று அட்டையில் போட்டிருந்தது. நம் ஊரில் ஆறு பாக்கெட் பேன்ட் என்போமே, அதன் படித்த தம்பி. முழங்காலில் இரட்டைத் துணி, பக்கவாட்டில் மூடி வைத்த பைகள், எங்கு தொட்டாலும் கொக்கி. கடையில் நின்று கண்ணாடியில் பார்த்தபோது நானே என்னை ஒரு தடவை கூடுதலாகப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. துணியில் ஓர் இழைகூட அறுபடவில்லை. கிழிந்தது முழுக்கத் தையல். அதுவும் நூல் மட்டமானதால் அல்ல. நான் காலைத் தூக்க அந்தப் பேன்ட்டில் இடமே இல்லை. இடம் இல்லாத துணி எங்கேயாவது ஓரிடத்தில் விட்டுக்கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அன்றிலிருந்து வேலைப் பேன்ட்டைப் பற்றி யார் கேட்டாலும் துணியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வெட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். பேன்ட் உழைப்பதும் உழைக்காததும் முக்கால்வாசி அளவில் இருக்கிறது.

ஏணியின் கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன். படிக்கும் படிக்கும் இடையே ஏறத்தாழ ஓர் அடி. 80 மீட்டர் கோபுரம் என்றால் 260 படிக்கு மேல். ஒவ்வொரு முழங்காலும் ஒரு தடவை ஏற 130 முறையாவது இடுப்பு உயரத்துக்கு மடங்குகிறது. ஒரு நாளில் இரண்டு இயந்திரம் பார்த்தால் இதுவே இரட்டிப்பு. உச்சியில் போய் நேராக நிற்கவும் முடியாது: குந்த வேண்டும், மண்டியிட வேண்டும், ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு ஒருக்களித்துப் படுக்க வேண்டும். கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று தேர்ந்தெடுத்த பேன்ட் இதற்கெல்லாம் எப்படிப் பொருந்தும்?

என் தாத்தா பனையேறி. மரம் மரமாக ஏறி இறங்கியவர். தார்பாய்ச்சிக் கட்டிய வேட்டியோடுதான் ஏறுவார். அதில் கவட்டில் தையலே கிடையாது, பிரிவதற்கு என்ன இருக்கிறது? இரும்பு மரம் ஏற வந்த பேரன்தான் கவட்டில் நான்கு தையலைக் கொண்டுவந்து ஒரே புள்ளியில் சேர்த்துக்கொண்டான்.

அந்த நான்கு தையல் விவரத்தை எனக்குக் காட்டியவர் வள்ளியூரில் கடை வைத்திருக்கும் ஒரு தையற்காரர், வயதானவர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். கிழிந்த பேன்ட்டை உள்பக்கம் புரட்டி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கவட்டில் கட்டைவிரலை வைத்தார்.

"துணி ஒரு தப்பும் செய்யவில்லை தம்பி. இங்கே பாருங்கள். முன் தையல், பின் தையல், இடது உட்கால், வலது உட்கால், நான்கும் வந்து ஒரே புள்ளியில் முட்டுகின்றன. நீங்கள் காலைத் தூக்கும்போது இழுப்பு முழுவதும் இந்தப் புள்ளிக்குத்தான் வருகிறது. நாற்சந்தியில் நான்கு லாரியும் ஒன்றாக வந்து நின்றால் என்ன ஆகும்?"

தீர்வாக அவர் சொன்னது, அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டு வைப்பது. டைமண்ட் துண்டு என்பார். ஆயத்த ஆடைக்காரர்கள் கசெட் என்கிறார்கள். புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. பழைய ஜிப்பாவின் அக்குளைப் பாருங்கள், கையைத் தூக்குவதற்காக இதே துண்டைத்தான் வைத்திருப்பார்கள். நான்கு தையலும் ஒன்றையொன்று சந்திக்காமல் துண்டின் நான்கு மூலைக்குப் பிரிந்துபோய்விடுகின்றன. குறுக்கு வாட்டத்தில் துணி கொஞ்சம் நீண்டு சுருங்கவும் செய்கிறது. அவர் எனக்கு வைத்த துண்டு கைக்குட்டையின் கால்வாசி அளவுதான். அந்தப் பேன்ட் அதற்குப்பின் கவட்டில் பிரியவே இல்லை; ஒன்றரை வருடம் கழித்து முழங்காலில் தேய்ந்துதான் ஓய்வு பெற்றது.

டாக்டிக்கல் பேன்ட் என்ற வகையே இப்படி ஏறுபவர்களிடமிருந்து வந்ததுதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது சிரிப்பு வந்தது. ராயல் ராபின்ஸ் என்ற அமெரிக்கர், 1957-இல் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையின் வடமேற்கு முகத்தில் முதன்முதலாக ஏறிய மூவரில் ஒருவர். பின்னாளில் மனைவி லிஸ்ஸுடன் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் துணி நிறுவனம் நடத்தினார். அவர்கள் விற்ற பாறையேற்றப் பேன்ட்டின் பெயர் 5.11. பாறையின் கடினத்தைக் குறிக்கும் தரவரிசையில் உள்ள ஓர் எண் அது. குவாண்டிகோவில் உள்ள எஃப்.பி.ஐ. பயிற்சிக் கழகத்தார் அதை விரும்பி உடுத்தத் தொடங்க, பாறையேறிகளின் பேன்ட் போலீஸ்காரர்களின் பேன்ட்டாகி, கடைசியில் கொக்கியும் பையும் முளைத்து உலகத்துக்கு வந்து சேர்ந்தது. நான் வாங்கிய நகலில் பையை மறக்காமல் வைத்திருந்தார்கள், கவட்டுத் துண்டைத்தான் விட்டுவிட்டார்கள்.

ஆகவே கடையில் பேன்ட்டை எடுத்ததும் முதல் வேலையாக உள்பக்கம் புரட்டுங்கள். கவட்டில் துண்டு இருக்கிறதா? உட்கால் தையல் ஒற்றையாக, துணியின் ஓரத்தைச் சுற்றிப் போகும் ஓவர்லாக் மட்டும் அடித்ததா, ஜீன்ஸில் பார்ப்பது போல் மடித்து இரண்டு வரிசையாகத் தைத்ததா? தையலின் இரு பக்கமும் துணியைப் பிடித்து நன்றாக இழுங்கள். நூல் ஏணிப்படி போல் வெளியே தெரிந்தால், அதாவது தையல் பல்லிளித்தால், திருப்பி மடித்து வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பாக்கெட் மூலைகளிலும் ஜிப்பின் அடியிலும் நெருக்கமாகக் குறுக்குத் தையல் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள், திருப்பூரில் அதைப் பார்ட்டாக் என்பார்கள். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் இருந்த ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் இதே மூலைகளில்தான் செப்பு ரிவிட் அடித்தார். 1873-இல் லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்தில் பட்டன் வரிசையின் அடியிலும் ஒரு ரிவிட் இருந்தது. நூற்றைம்பது வருடமாகப் பேன்ட் கிழியும் இடம் மாறவில்லை.

பிறகு உடுத்திப் பார்க்கும் அறை. அங்கே நிற்காதீர்கள். முழுக்கக் குந்துங்கள், சம்மணம் போடுங்கள், ஒரு காலை ஸ்டூலின் மேல் வையுங்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஏணி ஏறுவது போல் இடத்திலேயே இருபது படி ஏறுவேன். ஒரு கடையில் பையன் கதவைத் தட்டி, "சார், உள்ளே ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டிருக்கிறான். கேட்டால் கேட்கட்டும். குந்தும்போது மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். தொடை மேல் துணி டமாரம் போல் இறுகினால் தொடைச் சுற்றளவு போதவில்லை. முழங்கால் மடியும்போது கால்முனை கெண்டைக்கால் வரை ஏறினால் முழங்காலில் இடமில்லை. பின்பக்க இடுப்புப் பட்டை கீழே இறங்கி முதுகில் காற்றுப் பட்டால் பின் உயரம், அதாவது கவட்டிலிருந்து பின் பட்டை வரையிலான அளவு, பற்றாது.

இந்தப் பின் உயரம்தான் எங்கள் ஆட்களில் பாதிப் பேரை ஏமாற்றுகிறது. ஒருநாள் டேப்பை வைத்து அளந்தேன்: முதுகுப் பக்கம் இடுப்பிலிருந்து புட்டத்தின் அடிமடிப்பு வரை, நின்றபடி ஒரு தடவை, குந்தியபடி ஒரு தடவை. எனக்கு இரண்டரை அங்குலம் வித்தியாசம் வந்தது. இந்த இரண்டரை அங்குலத்தைப் பேன்ட் எங்கிருந்தாவது கொடுக்க வேண்டும். இடுப்பில் தாழ்வாக நிற்கும் இப்போதைய வெட்டில் அது பின்னாலிருந்து இறங்கித்தான் கொடுக்கும். எனக்கு லேசாகத் தொந்தி உண்டு. முன்னால் பட்டை தொந்திக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பின்னால் ஊருக்கே தரிசனம். அண்ணாச்சியிடம் தைக்கும்போது முன்னைவிடப் பின்னால் ஒன்றரை அங்குலம் ஏற்றி வெட்டச் சொல்கிறேன். ஆயத்தமாக வாங்குவதானால் இடுப்புப் பட்டையின் இரு பக்கமும் எலாஸ்டிக் வைத்தது ஓரளவு சமாளிக்கும்.

'அப்படியானால் ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்டால் போயிற்று' என்று தோன்றும். நானும் வாங்கினேன். அது வேறு விதமான தண்டனை. உடல் முழுவதையும் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டையை மாட்டும்போது இரு தொடையின் மேற்பகுதியிலும் வார் சுற்றி வரும். தொளதொளத்த துணி அதற்குள் மடிப்பு மடிப்பாக மாட்டிக்கொள்ளும். ஏணியில் வாரின் மீது சாய்ந்து எடையைக் கொடுக்கும் நேரம், அந்த மடிப்பு எங்கே கடிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கால்முனை அகலமாக இருந்தால் படியில் தடுக்கும். சுழலும் தண்டின் பக்கத்தில் போனால் தடுக்குவதோடு நிற்காது. தொடையிலும் கவட்டிலும் இடம், இடுப்பிலும் கெண்டைக்காலிலும் அடக்கம். எனக்குத் தெரிந்து இதுதான் அளவு.

உயரம் குறைந்தவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. நான் 5 அடி 6 அங்குலம். உட்கால் நீளம் 29. ஒருமுறை ஆசைப்பட்டு வெளிநாட்டுப் பேன்ட் ஒன்றை 5,800 ரூபாய்க்கு வரவழைத்தேன். உட்கால் 32. கீழே மூன்று அங்குலம் வெட்டி மடித்துத் தைத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். வழக்கமான பேன்ட் என்றால் தீர்ந்திருக்கும். இதில் முழங்காலுக்கென்று தனியாக வளைத்து வெட்டிய பகுதியும் பஞ்சு வைக்கும் பையும் இருந்தன. கீழே எவ்வளவு வெட்டினாலும் அவை மேலே ஏறி வராதே! மண்டியிட்டபோது பஞ்சு என் முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. முழங்கால் நேராக இரும்பில். முழங்கால் அமைப்புள்ள பேன்ட் வாங்குபவர்கள் இடுப்பு அளவுக்கு முன்னால் உட்கால் அளவைப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் தையற்காரர்தான் கதி. பஞ்சைப் பற்றி ஒரு சிக்கனம்: பழைய யோகா பாயில் ஒன்பதுக்கு ஆறு அங்குலம் வெட்டி, இரண்டு அடுக்காக வைத்துக்கொள்கிறேன். நாள் முழுவதும் மண்டியிட்டு ஓடு பதிப்பவர்களுக்கு இது போதாது, அவர்கள் இ.என். 14404 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சிட்ட முழங்கால் காப்பைத்தான் வாங்க வேண்டும்.

இனித் துணி. கடைக்காரர் 'கெட்டித் துணி சார்' என்றால் எத்தனை ஜி.எஸ்.எம். என்று கேளுங்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம். வெளிநாட்டு அட்டைகளில் அவுன்ஸ் கணக்கு இருக்கும். ஓர் அவுன்ஸுக்கு 34 கிராம் என்று பெருக்கிக்கொண்டால் போதும். 8.5 அவுன்ஸ் கான்வாஸ் என்பது 290-ஐ ஒட்டி வரும். குளிர்நாட்டுக்குச் சரி. சித்திரை வெயிலில் இரும்புக் கோபுரத்துக்குள் அதை மாட்டிக்கொண்டு ஏறினால் வேர்வையில் நனைந்து அதுவே தனிச் சுமையாகிவிடும். எங்கள் ஊருக்கு 220-லிருந்து 260 வரை போதும் என்பது என் அனுபவம். கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடும் ரிப்ஸ்டாப் துணியில் சின்ன ஓட்டை விழுந்தால் அடுத்த கட்டத்தோடு கிழிசல் நின்றுவிடுகிறது. எடை குறைவாகவும் இருக்கிறது. ஆனால் தேய்மானத்துக்கு அதைவிட நம் காக்கி டிரில்தான் தாங்குகிறது. ஸ்பான்டெக்ஸ் கலந்து இழுபடும் துணி ஏறும்போது சுகம்தான். ஒரு வருட வெயிலிலும் சோப்பிலும் அந்த இழுவை செத்து, முழங்காலில் பை போல் தொங்கும். கவட்டுத் துண்டு வைக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு இழுவைத் துணியில் தப்பிக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

இவற்றையெல்லாம்விட ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். மின்சாரப் பெட்டியைத் திறக்கும் வேலை இருந்தால், வெல்டிங், கிரைண்டிங் இருந்தால், பாலியஸ்டரோ நைலானோ உடுத்தாதீர்கள். பருத்தி எரியும், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மின்பொறி வெடித்தால் புண்ணை ஆழமாக்குவது அந்த ஒட்டல்தான். பருத்தியும் தீப்பிடிக்காத துணி ஆகிவிடாது. சுவிட்ச் இயக்கும் வேலைக்கென்றே ஐ.இ.சி. 61482 தரத்தில் தனி உடை இருக்கிறது. நிறுவனம் கொடுக்க வேண்டியது அது, கேட்டு வாங்குங்கள். மற்ற நாட்களுக்கான பேன்ட்டை வாங்கும்போது, அட்டையில் '100% காட்டன்' என்று இருந்தாலும் உள் மடிப்பில் துணியின் இழை ஒன்றை உருவி, வாசலுக்கு வெளியே வந்து தீக்குச்சியில் காட்டுங்கள். தைத்த நூலை உருவாதீர்கள், அது பெரும்பாலும் பாலியஸ்டராகத்தான் இருக்கும். துணியின் இழை காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலானால் பருத்தி. சுருண்டு பின்வாங்கி, நுனியில் மிளகு போல் கறுத்த உருண்டையாக இறுகினால் அட்டை பொய் சொல்கிறது. இரண்டும் கலந்த துணியில் எரியவும் செய்யும், சாம்பலில் கடினமான துகளும் நெருடும். ஒரு கடைக்காரரின் எதிரிலேயே இதைச் செய்து காட்டியதில், அந்தக் கடைக்கு நான் இப்போது போக முடியாது.

பைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு பை என்று விளம்பரத்தில் எண்ணிக் காட்டினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். உயரத்தில் வேலை செய்பவன் கருவிகளைப் பேன்ட் பையில் வைக்கவே கூடாது. எழுபது மீட்டரிலிருந்து விழும் ஒரு ஸ்பேனர், கீழே நிற்பவனின் தலைக்கவசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. கருவிகள் கயிறு கட்டிப் பையோடு ஏற வேண்டும். பேன்ட்டில் டெஸ்டர், மார்க்கர் பேனா, சின்ன டார்ச், செல்போன், அவ்வளவுதான். செல்போன் பை தொடையின் மேற்பகுதியில் இருந்தால் வாருக்கு அடியில் மாட்டும். சாயங்காலம் தொடையில் செல்போன் வடிவத்திலேயே கன்றிப்போயிருக்கும். ஒரு சாண் கீழே, முழங்காலை நோக்கி இறக்கி வைத்த பைதான் உதவும். மூடிக்கு ஒட்டுப்பட்டை வேண்டாம். புழுதியும் பஞ்சும் ஏறி ஆறு மாதத்தில் ஒட்டாது. ஜிப் அல்லது அழுத்துப் பித்தான். தொப்புளுக்கு நேரே பெரிய உலோகப் பித்தான் உள்ள பேன்ட்டையும் தவிர்த்துவிடுங்கள். மேலே பட்டை இறுகும்போது அது வயிற்றில் முத்திரை குத்தும். தட்டையான கொக்கி போதும்.

தைப்பதானால் துணியை முதலில் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். இந்த ஒரு நாள் சோம்பலில் நான் ஒரு பேன்ட்டையே இழந்திருக்கிறேன். முதல் சலவையில் கால்முனை முக்கால் அங்குலம் ஏறிப்போய், கணுக்கால் தெரியத் திரிந்தேன். அந்தத் துணி இப்போது வீட்டில் மோட்டார் பைக் துடைக்கிறது. கிரீஸ் பட்டால் வெந்நீரில் ஊறவைப்பதற்கு முன் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் காய்ந்த துணியிலேயே தேய்த்து அரைமணி விடுங்கள். உள்பக்கம் வெளியே வரப் புரட்டித் துவைத்து, நிழலில் காயப்போடுங்கள். கல்லில் அடிக்காதீர்கள் என்று என் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அடிக்காமல் எப்படி அழுக்குப் போகும்?" என்றார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். சாலையோரத்தில் 700 ரூபாய்க்கு வாங்கியவை எனக்கு நான்கு மாதத்துக்கு மேல் உழைத்ததில்லை. அண்ணாச்சியிடம் கடைசியாகத் தைத்தது காக்கி டிரில், துணியும் கூலியும் சேர்த்து 1,650 ரூபாய், இரண்டரை வருடமாகிறது. இடது முழங்காலில் மட்டும் இழை மெலிந்து வெளிச்சம் தெரியத் தொடங்கியிருக்கிறது. நான் எப்போதும் இடது காலைத்தான் முதலில் மண்டியிடுகிறேன் என்பதே அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒன்று தைக்கக் கொடுக்கப் போனேன். அளவு நோட்டில் என் பெயர் இல்லை. 'காற்றாடி' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அதே பக்கத்தில் எங்கள் ஆட்கள் ஒன்பது பேருடைய அளவும் இருக்கிறது. இந்தத் தடவை சாம்பல் நிறம் வேண்டும், கிரீஸ் தெரியாது என்றேன். காக்கிதான் வெயிலுக்கு நல்லது, சாம்பல் நிறத்தில் அந்த டிரில் தன்னிடம் இல்லை என்றார். சரி, வழக்கமான அளவே போடுங்கள் என்றதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டரை வருடத்தில் தொந்தி எங்கே போயிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பரணில் துணி எடுக்க வைத்திருக்கும் மர ஏணியைக் காட்டினார்.

"முதலில் அதில் நான்கு படி ஏறி நில்லுங்கள் தம்பி. அங்கேயே வைத்து அளக்கிறேன்."